டிரங்க்கால் அக்காவும் பதினோரு பேரும்

காலை ஏழு மணிக்கு வீட்டுத் தொலைபேசி அடிக்கும். எடுத்தால் ஒரு பெண் குரல் வணக்கம் சொல்லாது, சாப்பிட்டீர்களா தூங்கினீர்களா என்று இழுக்காது, நேரே விஷயத்துக்கு வந்துவிடும். "நேத்து கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. பனித்துளி மேலேருந்து விழுதா, இல்ல புல்லு மேலயே உண்டாகுதா?" தனியாக இருக்கும் ஒரு மனிதர், வாயில் பிரஷ்ஷோடு நின்றபடி யோசிப்பார். அப்படியும் ஒரு காலம் இருந்தது. அந்தக் குரல் புறப்பட்ட அறையில் இப்போது கூரியர் கம்பெனி நடக்கிறது. தொலைபேசிக் கம்பி நுழைந்த ஓட்டை மட்டும் சுவரில் இன்னும் அப்படியே இருக்கிறது, பூசுவதற்கு யாருக்கும் மனசு வரவில்லை.

குரலுக்குச் சொந்தக்காரி டிரங்க்கால் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அது வாக்காளர் பட்டியலோடு சரி. அக்கா முப்பத்தோரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். அந்த வேலையைப் பற்றி இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் காதில் பூச்சுற்றுகிறோம் என்பார்கள். வெளியூருக்கு ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் முதலில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். காலையில் பதிந்தால் மத்தியானம் கிடைக்கும், கிடைத்தால் புண்ணியம். நீளமான ஓர் அறையில் பன்னிரண்டு பெண்கள் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு துளையிலிருந்து வயரை உருவி இன்னொன்றில் செருகினால் இரண்டு ஊர்கள் பேசிக்கொள்ளும். மூன்று நிமிடம் ஆனதும் ஆபரேட்டர் நடுவில் புகுந்து, "மூணு நிமிஷம் ஆச்சு, தொடரணுமா?" என்று கேட்க வேண்டும். பேரன் பிறந்த சந்தோஷமோ, எழவுச் செய்தியோ, கேட்டே ஆக வேண்டும். அழுகிறவர்களை அழ விடாமல் கேட்ட பாவம் தனக்கு நிறைய இருக்கிறது என்று அக்கா சொல்வதுண்டு.

அந்த வேலை அவளுக்கு இரண்டு பழக்கங்களைக் கொடுத்தது. எதிர்முனையில் மணி எத்தனை தடவை அடித்தது என்று தானாக எண்ணிக்கொள்வாள். பேச்சை நறுக்கென்று முடித்துவிடுவாள். கல்யாண வீட்டில்கூட அவளோடு யாரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசியதாகச் சரித்திரம் இல்லை. "சரி, அப்புறம்" என்று நகர்ந்துவிடுவாள். மகள் வெளிநாட்டிலிருந்து வாரம் ஒருமுறை கூப்பிடுவாள். "அம்மா, நான் இன்னும் பேச்சையே ஆரம்பிக்கலம்மா" என்று அந்தப் பெண் கெஞ்சுவதை மாடிப்படியில் நின்றே கேட்கலாம்.

அவள் கணவர் போய் எட்டு வருடம். அதைத் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாமல் போனது கீழ்வீட்டு டிராயிங் மாஸ்டர் விஷயம். அவரும் தனி ஆள்தான். ஒரு மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து இறந்துபோனார். கண்டுபிடித்தது நான்காம் நாள். நடுவில் இருந்த மூன்று நாளும் அக்கா அவர் தலைக்கு மேலேதான் நடமாடினாள், ரேடியோ கேட்டாள், சமைத்தாள், மின்விசிறி போட்டுத் தூங்கினாள். ஒரு தடவை தொம்மென்று சத்தம்கூடக் கேட்டது, பூனை என்று நினைத்துக்கொண்டாள். அதன் பிறகு அவளுக்குத் தூக்கம் போனது. ரத்த அழுத்தம் எகிறியது. நடக்கும்போது காலை அழுத்தி வைக்கவே பயந்தாள்.

டாக்டர் மாத்திரை எழுதிவிட்டுச் சொன்னார். "இதை மட்டும் சாப்பிட்டா போதாதும்மா. வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்காம நாலு பேரோட பேசிப் பழகுங்க. அதுதான் நிஜமான மருந்து."

டாக்டர் ஏதோ பேச்சுக்கு நாலு பேர் என்றார். அக்கா பதினோரு பேரைப் பிடித்தாள். குடியிருப்போர் நலச்சங்கத்துக்கு அப்போது மருந்துக்கடைக்காரர் செயலாளர். யார் எந்த மாத்திரை வாங்குகிறார்கள், யாருக்கு வாங்கிக் கொடுக்க ஆள் இல்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவரிடம் போய், "தனியா இருக்கிறவங்க பேரெல்லாம் எழுதிக் குடுங்க. சங்கத்து ரூம்ல ஒரு போனும் நாற்காலியும் குடுங்க. தினமும் காலைல கூப்பிட்டு விசாரிக்கிறேன்" என்றாள். அவர் தலையைச் சொறிந்தார். "சம்பளம் கிம்பளம் எல்லாம் சங்கத்தால..." என்று இழுத்தார். அக்கா முறைத்த முறைப்பில் மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

முதல் மாதம் சொதப்பல். "நல்லாருக்கீங்களா?" என்று கேட்டால் பதினோரு பேரும் "நல்லாருக்கேன்" என்றார்கள். இந்த ஒரு வார்த்தையைப் போல உதவாக்கரை வார்த்தை உலகத்தில் இல்லை. கை முறிந்தவனும் இதைத்தான் சொல்வான், கடன்காரனும் இதைத்தான் சொல்வான். பட்டியலில் ஒரு ரிட்டயரான நர்ஸ் அம்மா இருந்தார். நூற்று மூன்று டிகிரி காய்ச்சலில் படுத்துக்கொண்டு இரண்டு நாள் "நல்லாருக்கேன்" என்றிருக்கிறார். மூன்றாம் நாள் விஷயம் தெரிந்ததும் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "நர்ஸு நீங்களே இப்படிப் பொய் சொன்னா மத்தவங்களை என்ன சொல்றது?" என்று கேட்டாள். "பொய் இல்லம்மா, வாய் தானா சொல்லிடுது" என்றார் அவர்.

அன்றைக்குத்தான் கேள்வி முறை வந்தது. வாய் தானாகச் சொல்ல முடியாத ஒன்றைக் கேட்க வேண்டும். நூலகத்தில் 'பருவங்கள்' என்று ஒரு தடிமனான சிறுவர் கலைக்களஞ்சியம் தூசியோடு கிடந்தது. அதிலிருந்து தினம் ஒரு கேள்வி. இன்று கேட்பாள், நாளை காலை பதில் சொல்ல வேண்டும். எக்ஸ்சேஞ்சை மூடியபோது குப்பைக்குப் போகவிருந்த டிரங்க்கால் சீட்டுக் கட்டுகளை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொருவருக்கும் தினம் ஒரு சீட்டு. மணி எத்தனை அடித்தது, எவ்வளவு நேரம் பேச்சு, பதில் சரியா தப்பா. நர்ஸ் அம்மா மூன்றாவது மணியில் எடுத்துவிடுவார். ஆறு தடவை அடித்துவிட்டால் "ஏன் லேட்டு, கால் வீங்கியிருக்கா?" என்று கேட்டுவிடுவாள். பதில் சரியாக இருந்தால் "சரி. நாளைக்குக் கேள்வி இது" என்று சொல்லி வைத்துவிடுவாள். தப்பாக இருந்தால் விளக்க வேண்டுமே, அதற்கு நேரம் பிடிக்கும்.

கொஞ்ச நாளில் ஊரே மாறிப்போனது. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறது என்று பார்க்க நர்ஸ் அம்மா தோட்டத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். வீட்டை விட்டே வராத ஒரு பெரியவர் நூலகத்துக்கு நடந்து போக ஆரம்பித்தார், 'பருவங்கள்' புத்தகத்துக்கு அங்கே அடிதடி. பால் வாங்கும் வரிசையில் பகல் எந்த மாதம் நீளம் என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். அக்காவுக்கும் தூக்கம் திரும்பியது. டாக்டர் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, "நடைப்பயிற்சி போறீங்களா?" என்று கேட்டார். "இல்ல டாக்டர், போன் பேசறேன்" என்றாள்.

பட்டியலில் ஐந்தாவது ஆள் ஓய்வுபெற்ற ரயில் டிரைவர். இரண்டு தெரு தள்ளி, தரைத்தள வீடு. எழுபது தாண்டியவர், மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை, முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனவை. தொலைபேசி நடைவழியில் ஒரு சுவர்ப்பலகை மேல் இருந்தது. படுக்கையிலிருந்து அதுவரை அவர் நடந்து வருவதற்குள் ஏழு தடவை அடித்துவிடும். ஏழாவது மணியில் எடுத்து, "சொல்லுங்க ஆபரேட்டரம்மா" என்பார். பிறகு தப்பான பதில் சொல்வார்.

ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நான்கு வருடம். ஒரு கேள்விக்குக்கூடச் சரியாகச் சொன்னதில்லை.

"மழைக்காலத்துல கத்துற தவளை ஆணா, பெண்ணா?"

"பெண்தாங்க. ஆண் தவளைக்கு எங்க வாயைத் திறக்க விடறாங்க?"

"தப்பு. ஆண்தான் கத்தும். கூப்பிடறதுக்குக் கத்துது."

"அப்படியா? கூப்பிட்டா வருதா?"

"வராமலா ஆயிரக்கணக்கா குஞ்சு பொரிக்குது?"

"எங்க வீட்ல நான் கூப்பிட்டா வந்ததே இல்லைங்க. சரி, அந்தத் தவளை எப்படிக் கத்துதுன்னு சொல்லுங்க."

இப்படியே போகும். மழைத்துளி என்ன வடிவம் என்றால் வெங்காயம் என்பார். பெரிய துளி வெங்காயம் மாதிரி இருக்காது, பன் மாதிரி அடி தட்டையாக இருக்கும் என்று அக்கா விளக்குவாள். "எந்தக் கடை பன்னு?" என்பார். கடிப்பது ஆண் கொசுவா பெண் கொசுவா என்றால், "ஆணுதான் கடிக்கும், பெண்ணு திட்டும்" என்பார். ஒருமுறை மூடுபனிக்கும் மேகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். தரையைத் தொடுகிற மேகம்தான் மூடுபனி, வேறொன்றுமில்லை. அவரோ, "மேகம் வேலைக்குப் போகும், மூடுபனி லீவு போட்டுட்டு வீட்ல படுத்திருக்கும்" என்றார். விளக்கி முடித்த பிறகு அவர் மெதுவாக ஒரு கதை சொன்னார். மூடுபனிக் காலத்தில் சிக்னல் கண்ணுக்குத் தெரியாது, தண்டவாளத்தில் வேட்டு வைப்பார்கள், சக்கரம் ஏறி வெடித்தால் சிக்னல் வரப்போகிறது என்று அர்த்தம், அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இரவு முழுக்க வண்டி ஓட்டியிருக்கிறேன் என்றார். அக்கா சீட்டில் பதினோரு நிமிடம் என்று எழுதினாள். முப்பத்தைந்து வருடம் மூடுபனியில் வண்டி ஓட்டியவருக்கு மூடுபனி என்றால் என்ன என்று தெரியாதா என்று அவளுக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

தோன்றாதது மட்டுமில்லை, செயலாளரிடம் கரித்துக் கொட்டுவாள். "நாலு வருஷமா ஒரு பதில்கூடச் சரியாச் சொல்லாத மனுஷனை நீங்க எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

"இவர் எப்படிங்க ரயிலை ஓட்டினாரு?" என்பார் செயலாளர்.

"தண்டவாளம் இருந்துச்சு, ஓட்டினாரு."

ஆனால் ஒன்று. மற்ற பத்துப் பேரைக் கூப்பிடும்போது அக்கா பேனாவை மூடாமலே பேசுவாள். டிரைவர் முறை வரும்போது பேனாவை மூடி வைத்துவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு எண்ணைச் சுழற்றுவாள். இதைச் செயலாளர் கவனித்திருந்தார். கவனித்ததைச் சொல்கிற அளவுக்கு அவருக்குத் தைரியம் இல்லை.

அது பனிக்காலம். முந்தின நாள் கேட்ட கேள்வி, "பூமி சூரியனுக்கு ரொம்பக் கிட்ட வர்றது எந்த மாசம்?" கோடைக்காலம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் ஜனவரி. நர்ஸ் அம்மா உட்பட முதல் நான்கு பேரும் அன்றைக்குத் தப்பு. அக்காவுக்கு விளக்கி விளக்கி வாய் வலித்தது, நேரமும் ஆகியிருந்தது. டிரைவர் எண்ணைச் சுழற்றினாள்.

ஒரே மணி. எடுத்துவிட்டார்.

"என்ன டிரைவர் சார், இன்னைக்கு ஒரே மணியில எடுத்துட்டீங்க? பதில் சொல்லுங்க."

ரிசீவர் எதிலோ உரசும் சத்தம் கேட்டது. பிறகு, "ஜனவரி" என்றார்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அடேயப்பா. சரியான பதில். நாலு வருஷத்துல முதல் தடவை."

"ம்."

"யார் சொல்லிக் குடுத்தா?"

"மத்தவங்க... காத்திருப்பாங்க. வையுங்கம்மா."

"அதுவும் சரிதான், இன்னைக்கு எனக்கும் லேட்டு" என்று அக்கா வைத்துவிட்டாள். சீட்டில் மணி ஒன்று, நேரம் நாற்பது விநாடி, பதில் சரி என்று எழுதி, சரிக்குப் பெரிதாக ஒரு டிக் போட்டாள். அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு வந்த செயலாளரிடம் சீட்டைத் தூக்கிக் காட்டினாள். "இன்னைக்கு மழைதான்" என்று அவர் வெளியே எட்டி வானத்தைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பிற்பாடு நினைத்து நினைத்து அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆறாவது ஆள், ஏழாவது ஆள். எட்டாவதாக ஒரு பி.டி. டீச்சர். வழக்கமாக ஐந்தாவது மணியில் எடுப்பார், அன்று இரண்டிலேயே எடுத்தார். "போனைக் கட்டில்கிட்டயே கொண்டாந்து வச்சுட்டேன்மா. இனிமே எழுந்து ஓடி வர வேண்டியதில்லை" என்றார்.

அக்கா "சரி" என்று எழுதப் போன கை நின்றது. டிரைவர் வீட்டுப் போனைக் கட்டிலுக்குக் கொண்டுபோக முடியாது. குட்டை வயர், ஆணியடித்த பலகை. பக்கத்தில் உட்கார நாற்காலிகூட இல்லை. அவரே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், நின்றுகொண்டே பேசுவதில் கால் கடுக்கிறது என்று. கால் தேய்ந்த மனிதர் நடையில் நின்றுகொண்டு எதற்காக ஒரு மணியில் எடுக்க வேண்டும்? கேலி இல்லை. ஆபரேட்டரம்மா இல்லை. "வையுங்கம்மா" என்று அவர் இத்தனை வருடத்தில் ஒரு தடவை சொன்னதுண்டா?

டீச்சரிடம் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டு டிரைவர் எண்ணைச் சுழற்றினாள். ஏழு தடவை அடித்தது. பத்து. பதினைந்து.

"பாத்ரூம்ல இருப்பாரும்மா" என்றார் செயலாளர்.

"முப்பது அடிச்சாச்சு" என்றாள் அக்கா. "வண்டியை எடுங்க."

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போது டிராயிங் மாஸ்டர் விழுந்த அந்தச் சத்தம் அவளுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. டிரைவர் வீட்டு வாசலில் பால் பாக்கெட் எடுக்கப்படாமல் கிடந்தது, செய்தித்தாள் சுருள் பிரியாமல் கிடந்தது. தட்டினார்கள், கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கடப்பாரையோடு வந்து பின்கதவுத் தாழ்ப்பாளை நெம்பினார்.

அவர் நடையில் தரையில் கிடந்தார். பலகையிலிருந்து போனை வயரைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கியிருக்கிறார். சட்டையெல்லாம் வியர்வை. நினைவில்லை, மூச்சு மட்டும் இருந்தது. அந்த நிலைமையிலும் ரிசீவரை ஒழுங்காக அதன் இடத்தில் வைத்திருந்தார். அக்கா பார்த்த முதல் விஷயம் அதுதான். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மாரடைப்பு. ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டு போனார்கள். மத்தியானம் வெளியே வந்த டாக்டர், "இன்னும் அரைமணி ஆகியிருந்தா எங்களால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. நாளைக்கு வரைக்கும் போகட்டும், பார்க்கலாம்" என்றார். செயலாளர் அக்காவிடம், "பார்த்தீங்களா, உங்களாலதான் பிழைச்சாரு" என்றார், நல்லெண்ணத்தில்தான்.

"என்னாலதான் அரைமணி போச்சு" என்றாள் அக்கா. "அந்த மனுஷன் உயிர் போற நேரத்துல போன்ல இருந்தாரு. நான் டிக் போட்டுட்டு வச்சிட்டேன்." அப்போதுதான் அழுதாள். அவள் அழுது யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. செயலாளர் என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து மூடினார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சங்க அறையில் இருந்தாள். பத்துப் பேரைக் கூப்பிட்டாள். நான்கு பேர் முடிந்ததும் கை தன்னால் டிரைவர் எண்ணைச் சுழற்றப் போனது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், பிறகு ஆறாவது ஆளைக் கூப்பிட்டாள்.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. கண் விழித்துவிட்டார், மூக்குக்கண்ணாடியும் மாற்றுத் துணியும் வேண்டும். அக்காவும் செயலாளரும் அவர் வீட்டுக்குப் போனார்கள். செயலாளர் அலமாரியில் துணி எடுக்க, அக்கா கண்ணாடியைத் தேடினாள். நடையில், போன் இருந்த பலகையின் கீழ்த்தட்டில், கண்ணாடி ஒரு நோட்டின் மேல் இருந்தது. அடியில் அதே மாதிரி இன்னும் நான்கு நோட்டுகள். ரயில்வேயில் டிரைவர்கள் டியூட்டி எழுதுகிற நீள நோட்டு, வேலையில் இருந்தபோது மிச்சம் பிடித்ததாக இருக்கும். அடுத்தவர் நோட்டைத் திறக்கிற பழக்கம் அக்காவுக்கு இல்லை. ஆனால் அட்டையிலேயே 'ஆபரேட்டரம்மா' என்று எழுதியிருந்தது.

உள்ளே ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. முதலில் தேதி, அடுத்து அவள் கேட்ட கேள்வி. அடுத்து 'சரி' என்ற தலைப்பின் கீழ் சரியான பதில். அடுத்து 'சொல்ல வேண்டியது' என்ற தலைப்பின் கீழ் வேறொரு பதில்.

தவளை. சரி: ஆண். சொல்ல வேண்டியது: பெண், வாய் திறக்க விடுவதில்லை.

மழைத்துளி. சரி: அடி தட்டை. சொல்ல வேண்டியது: வெங்காயம்.

கடைசியில் வண்டி ஓடிய நேரம் எழுதுகிற கட்டத்தில் நிமிடங்கள். ஏழு. ஆறு. ஒன்பது. சில இடத்தில் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. 'நன்றாகச் சிரித்தார்.' 'இன்று கோபம், இரண்டு நிமிடம்தான்.' 'இருமல் இருக்கிறது, கேட்டால் இல்லை என்கிறார்.' மூடுபனி நாளுக்கு நேராகப் பதினொன்று என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். சில பதில்களை இரண்டு மூன்று தரம் அடித்துத் திருத்தி எழுதியிருந்தார், இன்னும் கொஞ்சம் நன்றாகத் தப்பாக வர வேண்டும் என்று.

அக்கா நின்றபடியே படித்தாள். ஓரிடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். செயலாளர் உள்ளேயிருந்து "என்னம்மா?" என்றார், அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். நான்கு வருடம் தான்தான் அவரை விசாரித்துக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். முந்தின நாளுக்கான வரி தயாராக இருந்தது. சரி: ஜனவரி. சொல்ல வேண்டியது: மே. அந்த மாதம் எஞ்சின் கைப்பிடியைத் தொட்டால் தோல் உரிந்துவிடும், அதுவே அத்தாட்சி. நிமிடக் கட்டம் காலியாக இருந்தது. தப்பான பதில் சொல்ல நிறைய மூச்சு வேண்டும். அவரிடம் இருந்தது ஒரு வார்த்தைக்கான மூச்சுதான்.

மாலை நான்கு மணிக்குப் பத்து நிமிடம் பார்க்க விட்டார்கள். செயலாளர் "நீங்க போங்கம்மா" என்று வெளியே நின்றுகொண்டார். டிரைவர் மூக்கில் குழாயோடு கண்ணை மூடிப் படுத்திருந்தார். போனில் கேட்ட குரலுக்கு இந்த முகம் ரொம்பச் சின்னதாக இருந்தது. அக்கா கண்ணாடியை அவருக்கு மாட்டிவிட்டாள்.

"ஆபரேட்டரம்மா" என்றார்.

"ஏன் சொல்லல?" அவள் குரல் கோபமாகத்தான் வந்தது. "போன்லதான இருந்தேன். நெஞ்சு வலிக்குதுன்னு ஒரு வார்த்தை. ஜனவரின்னு சொல்றதுக்கு அதைச் சொல்லியிருக்கலாம்ல?"

அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். "விடியக்காலைல விழுந்தேன். நீங்க கூப்பிடுவீங்க, சொல்லிக்கலாம்னு போனை இறக்கி வச்சுட்டுக் கிடந்தேன். உங்க குரல் கேட்டதும்... பின்னாடி ஆறு பேர் இருக்காங்களேன்னு வந்துடுச்சு." மூச்சு வாங்கினார். "எஞ்சின் பழுதாச்சுன்னா மெயின் லைன்ல நிக்கக் கூடாதும்மா. பின்னாடி வர்ற வண்டியெல்லாம் நின்னுடும். எப்படியாவது ஓரம் கட்டிடணும். முப்பத்தஞ்சு வருஷப் பழக்கம். யோசிக்கறதுக்குள்ள வாய் சொல்லிடுச்சு."

நோட்டைப் பார்த்தேன் என்று அக்கா சொல்ல வந்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். சொன்னால் அந்த மனிதர் வெட்கத்திலேயே போய்விடுவார்.

"நேத்து கேள்வி கேக்கறதுக்குள்ள லைனை வைக்கச் சொல்லிட்டீங்க. இப்ப கேக்கறேன். உடனே பதில் வேணும்."

அவர் தலையசைத்தார்.

"மின்னல் வெட்டி மூணு விநாடி கழிச்சு இடி கேக்குது. மின்னல் எவ்வளவு தூரத்துல?"

டிரைவர் மேலே பார்த்தார். வேறு ஏதாவது சொல்ல உதட்டைக் கூட்டினார், மூச்சு ஒத்துழைக்கவில்லை. தோற்றுப்போனவர் போலச் சொன்னார். "ஒரு கிலோமீட்டர்."

நூற்றுக்கு நூறு சரி. 'பருவங்கள்' புத்தகத்தில் அப்படியே போட்டிருக்கிறது.

"தப்பு" என்றாள் அக்கா.

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். "தப்பா?"

"சுத்தத் தப்பு. கேக்கவே நல்லா இல்லை. முதல்லேருந்து விளக்கிச் சொல்லணும், ரொம்ப நேரம் ஆகும். நீங்க வாயைத் திறக்காம கேளுங்க."

கட்டிலுக்குக் கீழே இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைப்பையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, அக்கா மேகத்திலிருந்து ஆரம்பித்தாள்.